பாட்டிலில் இருப்பது என்ன? காய்ச்சி வடித்துக் கண்டறியும் முறை

 

நமது அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளில் வேதியியல் எடுத்துப் படிப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். அவர்களில் பெண் பிள்ளைகள் கணிசமானவர்கள், அல்ஹம்துலில்லாஹ். பெற்றோர்கள் உடன் வரும்போது இரண்டு கேள்விகள் கேட்பது வழக்கம். "லேபில் ஆல்கஹாலெல்லாம் கையாள வேண்டுமாமே, அது கூடுமா?" என்பது ஒன்று. "இதைப் படித்து என்ன பிரயோஜனம்?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பொதுவாகப் பதில் சொல்வதை விட, பிள்ளைகள் ஆய்வகத்தில் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று ஒரு சோதனையை எடுத்து விளக்குவது நல்லது. கல்லூரி முதலாண்டுகளில் மாணவர்கள் செய்யும் ஒரு சோதனை: பெயர் தெரியாத ஒரு திரவத்தைக் கொடுத்து, அது என்னவென்று காய்ச்சி வடித்துக் கண்டுபிடிக்கச் சொல்வது.

கண்ணும் மூக்கும் போதாது

தண்ணீர், எத்தனால், மெத்தனால், அசிட்டோன், எத்தில் அசிட்டேட், சைக்ளோஹெக்சேன் ஆகிய ஆறையும் ஆறு கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றி வரிசையாக வைத்தால், பார்த்து வேறுபடுத்த முடியாது. ஆறும் நிறமற்றவை, தெளிவானவை. முகர்ந்தால் சிலவற்றில் வித்தியாசம் தெரியும். நகப்பூச்சு அகற்றும் திரவத்தின் வாசனையை அறிந்தவர்கள் அசிட்டோனைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் எத்தனாலையும் மெத்தனாலையும் முகர்ந்து பிரிக்க அனுபவசாலியாலும் முடியாது.

இது ஏட்டுப் பிரச்சினை அல்ல. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த விஷச்சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உடலுக்குள் சென்ற மெத்தனால் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. அந்த அமிலம் பார்வை நரம்பைக் கெடுக்கிறது, அளவு மீறினால் உயிரைப் பறிக்கிறது. குடிப்பவர்களுக்குத்தானே இந்த ஆபத்து, நமக்கென்ன என்று நாம் இருந்துவிட முடியாது. கொரோனா காலத்தில், 2020-இல், கை கழுவும் சானிடைசர்களில் எத்தனாலுக்குப் பதில் மெத்தனால் கலந்திருப்பதைக் கண்டு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பொதுமக்களை எச்சரித்தது. லேபிளில் எழுதியிருப்பது ஒன்று, பாட்டிலுக்குள் இருப்பது வேறு. இந்த வேறுபாட்டைக் கண்டறிய முறையான வழி தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆளை உருவாக்கும் முதல் படிகளில் ஒன்றுதான் இந்தச் சோதனை.

கொதிநிலை என்னும் அடையாளம்

ஒரு பாத்திரத்தில் தண்ணீரை அடுப்பில் வைத்தால் சூடு ஏறிக்கொண்டே போகும். கொதி வந்த பிறகு நாம் அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் திறந்த பாத்திரத்தில் இருக்கும் தண்ணீரின் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. வேகமாகக் கொதிக்கும், வேகமாக வற்றும், அவ்வளவுதான். அதற்குமேல் கொடுக்கும் சூடு முழுவதும் திரவத்தை ஆவியாக்கவே செலவாகிறது. ஒவ்வொரு தூய திரவத்துக்கும் இப்படி ஒரு நிலையான வெப்பநிலை உண்டு. அதைத்தான் கொதிநிலை என்கிறோம்.

கடல் மட்டத்துக் காற்றழுத்தத்தில் அசிட்டோன் 56 டிகிரியில் கொதிக்கும். மெத்தனால் 64.7, எத்தில் அசிட்டேட் 77.1, எத்தனால் 78.4, சைக்ளோஹெக்சேன் 80.7, தண்ணீர் 100, பெயின்ட் தின்னரில் சேர்க்கப்படும் டொலுயீன் 110.6. திரவத்தின் கொதிநிலையை அளந்துவிட்டால், அது எதுவாக இருக்கலாம் என்ற பட்டியல் ஐந்தாறு பெயர்களுக்குள் சுருங்கிவிடும்.

இதில் காற்றழுத்தத்துக்கும் பங்கு உண்டு. பிரஷர் குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் தண்ணீர் 120 டிகிரி அளவில் கொதிக்கிறது. அதனால்தான் கறி சீக்கிரம் வேகிறது. ஊட்டி போன்ற மலையூரில் காற்றழுத்தம் குறைவு. அங்கே தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே கொதிநிலையைக் குறிக்கும்போது அன்றைய காற்றழுத்தத்தையும் குறிக்கும்படி ஆசிரியர்கள் சொல்வார்கள்.

நோன்புக் கஞ்சி அண்டாவும் அன்பீக்கும்

ஆவியாக்கி, குளிரவைத்து, மறுபடியும் திரவமாகப் பிடிப்பதே காய்ச்சி வடித்தல். இதன் அடிப்படையை ரமலானில் தினமும் நம் பள்ளிவாசல்களில் பார்க்கலாம். கஞ்சி அண்டாவின் மூடியைத் திறந்தால் அதன் அடியில் நீர்த்துளிகள் திரண்டு நிற்கும். அண்டாவுக்குள் இருக்கும் உப்போ மஞ்சளோ அந்தத் துளிகளில் இராது. ஆவியாகாத பொருள்கள் அண்டாவிலேயே தங்கிவிட, தண்ணீர் மட்டும் ஆவியாகி மேலே போய்க் குளிர்ந்திருக்கிறது. ஆனால் பூண்டு வாசம் லேசாக ஒட்டியிருக்கும். ஆவியாகக்கூடிய வேறு பொருளும் உள்ளே இருந்தால் அதில் கொஞ்சமும் கூடவே வந்துவிடும் என்பதற்கு அது அடையாளம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் நாட்டுச் சித்த வைத்தியர்கள் இதை வாலையில் வடித்தல் என்றார்கள். அப்படி வடித்தெடுத்ததற்குத் தீநீர் என்று பெயர். குழந்தைகளுக்கு வயிற்று உப்புசத்துக்குக் கொடுக்கும் ஓம வாட்டர் அந்த வகைதான். கல்யாண வீட்டில் பன்னீர்ச் செம்பிலிருந்து தெளிக்கும் பன்னீரும் ரோஜா இதழ்களை நீருடன் காய்ச்சி வடித்தது.

அரபியில் இந்தச் செயலுக்குத் தக்தீர் என்று பெயர். துளி என்று பொருள்படும் கத்ரா என்ற சொல்லின் வேரிலிருந்து வந்தது அது. ஹிஜ்ரி 3-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தீ வாசனைப் பொருள்களையும் அவற்றை வடிக்கும் முறைகளையும் பற்றித் தனி நூலே எழுதினார். ரய் நகரத்து மருத்துவர் அபூபக்ர் அர்-ராஸீ தமது கிதாபுல் அஸ்ராரில் ஆய்வுக்கூடத்துக் கருவிகளை வரிசைப்படுத்தினார். சுரைக்காய் வடிவான அடிக்கலம் கர்ஆ, ஆவியைத் திருப்பி இறக்கும் மூக்குள்ள தலைப்பகுதி அன்பீக், துளிகளை ஏந்தும் கலம் காபிலா. அலெக்ஸாண்டிரியாவின் கிரேக்க அறிஞர்களிடம் இதன் முன்வடிவம் இருந்தது. அன்பீக் என்ற சொல்லே கிரேக்கத்திலிருந்து அரபிக்கு வந்ததுதான். அதை வாங்கி, செம்மைப்படுத்தி, எழுதி வைத்து, ஐரோப்பாவுக்குக் கொடுத்தவர்கள் நம் முன்னோர்கள். இன்று நம் பிள்ளைகள் ஆய்வகத்தில் மாட்டும் கண்ணாடிக் கருவியிலும் அந்த மூன்று பாகங்களே உள்ளன. குளிர்விப்பானும் வெப்பமானியும் பிற்காலத்தில் சேர்ந்தவை.

சோதனை நடக்கும் விதம்

மாணவருக்கு 50 மி.லி. அளவில் பெயரிடாத திரவம் கொடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 100 மி.லி. உருண்டை அடிக் குடுவையில் ஊற்றுவார். குடுவை பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்குள் இருக்க வேண்டும். நிரம்ப ஊற்றினால் கொதிக்கும் திரவம் அப்படியே பக்கக் குழாயில் பாய்ந்துவிடும்.

பிறகு நாலைந்து பீங்கான் துணுக்குகளைப் போடுவார். இவை இல்லாவிட்டால் திரவம் கொதிநிலையைத் தாண்டிச் சூடேறி, திடீரென்று பொங்கித் தெறிக்கும். துணுக்குகளின் நுண்துளைகளில் சிறு குமிழ்கள் உண்டாவதால் கொதி சீராக நடக்கும். இவற்றைச் சூடேற்றும் முன்பே போட வேண்டும். சூடான திரவத்தில் போட்டால் அந்தக் கணமே பொங்கி மேலே வரும்.

வெப்பமானி வைக்கும் இடம் மிக முக்கியமானது. அதன் குமிழ் திரவத்துக்குள் மூழ்கக் கூடாது. ஆவி குளிர்விப்பானுக்குத் திரும்பும் பக்கக் குழாயின் வாய்க்குச் சற்றுக் கீழே, ஆவியில் முழுவதும் நனையும்படி இருக்க வேண்டும். நாம் அளக்க வேண்டியது வடிந்து வரும் ஆவியின் வெப்பநிலை. குமிழ் அதிக உயரத்தில் இருந்தால் ஆவி அதைத் தொடாமலேயே திரும்பிவிடும், அளவு குறைவாகக் காட்டும். மதிப்பெண் குறையும் பல மாணவர்களின் சோதனையில் பிழை இந்த இடத்தில்தான் இருக்கும்.

லீபிக் குளிர்விப்பான் என்பது ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். உள்குழாயில் ஆவி வரும், வெளிக்குழாயில் குளிர்ந்த நீர் ஓடும். நீர் கீழ்ப்பக்கம் நுழைந்து மேல்பக்கம் வெளியேற வேண்டும். அப்போதுதான் வெளிக்குழாய் முழுவதும் நீர் நிரம்பியிருக்கும். மறுமுனையில் வடிதிரவத்தைப் பிடிக்க அளவுகோடிட்ட உருளையை வைப்பார்கள். எங்காவது ஓரிடத்தில் கருவி வெளிக்காற்றுக்குத் திறந்திருக்க வேண்டும். எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டுச் சூடேற்றினால் அழுத்தம் கூடிக் கண்ணாடி வெடிக்கும்.

பெயர் தெரியாத திரவம் எளிதில் தீப்பற்றக்கூடியது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே பன்சன் அடுப்பின் சுடரைப் பயன்படுத்தாமல், மின்சார ஹீட்டிங் மேண்டிலிலோ நீர்த்தொட்டியிலோ மெல்லச் சூடேற்றுவார்கள். வினாடிக்கு ஓரிரு துளி விழும் வேகம் சரியானது. குடுவை முழுவதும் வற்றும் வரை ஒருபோதும் விடக் கூடாது. சில திரவங்களில் நாள்பட்டுச் சேரும் பெராக்சைடுகள் கடைசித் துளிகளில் செறிந்து வெடிக்கக்கூடும். ஆகவே சில மில்லி லிட்டர் மிச்சமிருக்கும்போதே சூட்டை நிறுத்திவிட வேண்டும்.

எண்கள் சொல்வது என்ன?

இனி மாணவர் செய்ய வேண்டியது பொறுமையாகக் கணக்கெழுதுவது. ஒவ்வொரு 2 மி.லி. வடியும்போதும் வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம்.

முதல் துளி 71 டிகிரியில் விழுகிறது. அடுத்த 3 மி.லி. வடிவதற்குள் வெப்பமானி 77-க்கு ஏறுகிறது. இந்த முதல் பகுதியைத் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். கருவி முழுவதும் சூடேறாத நிலையில் வந்தது அது. ஆவியாக எளிதான அழுக்குகளும் அதில்தான் இருக்கும். அடுத்து 4 மி.லி.யிலிருந்து 42 மி.லி. வரை வெப்பநிலை 77.5-க்கும் 78.5-க்கும் இடையிலேயே நிற்கிறது. அளவை ஒரு பக்கமும் வெப்பநிலையை மறுபக்கமும் வைத்து வரைபடம் போட்டால், ஏறி வந்த கோடு சமதளமாக நீளும். அந்தச் சமதளமே நாம் தேடும் கொதிநிலை.

இப்போது அட்டவணையைப் பார்த்தால் அருகருகே நான்கு பெயர்கள் நிற்கின்றன: எத்தில் அசிட்டேட் 77.1, எத்தனால் 78.4, பியூட்டனோன் 79.6, சைக்ளோஹெக்சேன் 80.7. வெப்பமானியிலேயே ஒரு டிகிரி பிழை இருக்கலாம். ஆகவே 78 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு "இது எத்தனால்" என்று எழுதுவது அவசரத் தீர்ப்பு. நம் மார்க்கம் ஒரு வழக்கைத் தீர்க்க ஒரே சாட்சியோடு நின்றுவிடுவதில்லை. ஹதீஸ் கலை இமாம்களும் ஓர் அறிவிப்பை மற்ற அறிவிப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தே ஏற்றார்கள். ஆய்வகத்திலும் அந்த ஒழுங்கு வேண்டும்.

அடுத்தடுத்த சாட்சிகள்

முதலில் அடர்த்தி. வடித்த திரவத்தை 20 டிகிரிக்குக் குளிர்வித்து, 10 மி.லி. துல்லியமாக எடுத்து எடை போட வேண்டும். அந்த வெப்பநிலையில் 10 மி.லி. எத்தில் அசிட்டேட் 9.0 கிராம், எத்தனால் 7.9, பியூட்டனோன் 8.05, சைக்ளோஹெக்சேன் 7.8 கிராம் இருக்கும். நமது திரவம் 8.0 கிராம் இருக்கிறது என்று கொள்வோம். எத்தில் அசிட்டேட் பட்டியலிலிருந்து விலகிவிட்டது. சூட்டில் அடர்த்தி குறையும் என்பதால் நம் ஊர்க் கோடையில் அப்படியே அளந்து அட்டவணையோடு ஒப்பிட்டால் கணக்குத் தவறும்.

இரண்டாவது, தண்ணீரில் கரைகிறதா என்று பார்ப்பது. சைக்ளோஹெக்சேன் தண்ணீரோடு சேராமல் எண்ணெய் போல் மேலே மிதக்கும். நமது திரவம் முழுவதும் கலந்துவிட்டது. சைக்ளோஹெக்சேனும் விலகிற்று.

மூன்றாவது, வேதிச் சோதனை. பியூட்டனோன் ஒரு கீட்டோன். 2,4-டைநைட்ரோபினைல் ஹைட்ரசின் கரைசலைச் சேர்த்தால் கீட்டோன்கள் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிற வீழ்படிவு தரும். நமது திரவம் தரவில்லை. அயோடினும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்த்து இளஞ்சூடு காட்டினால் எத்தனால் மஞ்சள் நிற அயோடோஃபார்ம் வீழ்படிவு தரும். அது வந்துவிட்டது. பியூட்டனோனும் அயோடோஃபார்ம் தரும் என்பதால், இந்தச் சோதனையை மட்டும் செய்திருந்தால் குழப்பம் தீர்ந்திருக்காது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் பாதை தெளிவாயிற்று.

இப்போது எத்தனால் என்று எழுதலாம். ஆனால் கவனமுள்ள மாணவி இங்கே ஒரு கேள்வி கேட்பாள்: தூய எத்தனால் 7.9 கிராம் இருக்க வேண்டுமே, 8.0 ஏன் வந்தது? சிறிது நீர் கலந்திருக்கலாம் என்று அவள் சந்தேகப்படுவாள். நீரற்ற காப்பர் சல்பேட் வெள்ளைத் தூளாக இருக்கும். அதில் ஓரிரு துளி விட்டுப் பார்ப்பாள். தூள் நீலமாக மாறினால் நீர் இருப்பது உறுதி.

வெப்பமானி ஒரே இடத்தில் நின்றதே, கலவையாக இருந்தால் எப்படி நிற்கும் என்று கேட்கலாம். எடையில் 95.6 சதவீத எத்தனாலும் மீதி நீரும் சேர்ந்த கலவை 78.2 டிகிரியில் ஒரே பொருளைப் போலவே கொதிக்கும். அதன் ஆவியிலும் அதே விகிதம்தான் இருக்கும். எத்தனை முறை வடித்தாலும் பிரியாது. இதற்குக் கொதிநிலை மாறாக் கலவை என்று பெயர். சமதளக் கோடு வந்துவிட்டது என்பதாலேயே பொருள் தூயது என்று நினைத்துவிடக் கூடாது என்பதை மாணவர்கள் இதிலிருந்து கற்றுக்கொள்கிறார்கள்.

எளிய வடித்தலின் எல்லை

இரண்டு திரவங்கள் கலந்து கொடுக்கப்பட்டால் என்ன ஆகும்? கொதிநிலைகளுக்கிடையே 25 டிகிரிக்கு மேல் இடைவெளி இருந்தால் எளிய காய்ச்சி வடித்தல் ஓரளவு நன்றாகவே பிரித்துவிடும். அசிட்டோனும் தண்ணீரும் கலந்திருந்தால், வரைபடத்தில் 56-ஐ ஒட்டி ஒரு தளம், பிறகு ஏற்றம், பிறகு 100-ஐ ஒட்டி இன்னொரு தளம் என்று தெரியும். இடையில் வடிந்தது இரண்டும் கலந்தது.

இடைவெளி குறைவாக இருந்தால் இந்த முறை போதாது. கஞ்சி அண்டா மூடியில் ஒட்டிய பூண்டு வாசத்தை இங்கே நினைத்துப் பாருங்கள். மெத்தனாலுக்கும் எத்தனாலுக்கும் இடையே சுமார் 14 டிகிரிதான். கலந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே வடியும், வெப்பமானி தெளிவான இரண்டு தளங்களைக் காட்டாது. நீண்ட கண்ணாடித் தூண் வைத்த பின்னக் காய்ச்சி வடித்தல் வேண்டும். எவ்வளவு கலந்திருக்கிறது என்று துல்லியமாகச் சொல்ல, வாயு நிறச்சாரல் பிரிகைக் கருவி வேண்டும். விஷச்சாராய வழக்குகளில் தடய அறிவியல் ஆய்வகங்கள் அப்படிப்பட்ட கருவிகளைக் கொண்டே சொல்கின்றன. இத்துறை நமக்குப் புதிதல்ல. 1849-இலேயே சென்னை மாகாணத்தில் வேதிப் பரிசோதகர் ஆய்வகம் தொடங்கப்பட்டது. இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் மூலம் அதுதான்.

ஆகவே "காய்ச்சி வடித்துவிட்டால் விஷம் போய்விடும்" என்று யாராவது சொன்னால் அது அறியாமை. இந்தச் சோதனையை யாரும் வீட்டில் செய்து பார்க்கவும் கூடாது. தீ விபத்து ஒருபுறம், 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் மறுபுறம்.

ஆல்கஹால் கையாளலாமா?

பெற்றோரின் முதல் கேள்விக்கு வருவோம். போதை தருவதைப் பருகுவது ஹராம் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆய்வகத்தில் யாரும் எதையும் பருகுவதோ சுவைப்பதோ இல்லை, அது ஆய்வக விதிப்படியே குற்றம். வேதியியலில் ஆல்கஹால் என்பது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். மெத்தனால் அதில் ஒன்று, சோப்பிலும் இருமல் மருந்திலும் சேரும் கிளிசரின்கூட அந்தக் குடும்பம்தான். சொல்லின் வரலாறும் கவனிக்கத்தக்கது. அல்-குஹ்ல் என்றால் நாம் கண்ணுக்கு இடும் சுர்மா. மிக நுண்ணிய தூளைக் குறித்த அந்தச் சொல், ஐரோப்பியரிடம் போய், ஒரு பொருளின் சாரம் என்றாகி, கடைசியில் திராட்சை மதுவின் சாரத்தைக் குறிப்பதாக நிலைத்தது.

கையிலோ ஆடையிலோ பட்டால் தொழுகைக்கு முன் என்ன செய்வது என்பதில் மத்ஹபுகளின் சட்ட விவரங்கள் உண்டு. அதைத் தங்கள் மஹல்லாவின் ஆலிமிடம் கேட்டுத் தெளிவுபெறுவதே முறை. கேட்கும்போது "ஆல்கஹால்" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தப் பொருள், எதற்காக, எவ்வளவு என்று விளக்கிக் கேளுங்கள். கேள்வி தெளிவாக இருந்தால் பதிலும் தெளிவாகக் கிடைக்கும். நடைமுறைக்கு, ஆய்வக மேலங்கி, கையுறை, கண்ணாடி அணிவதும், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுவதும் போதுமான பாதுகாப்பு. ஹிஜாப் அணியும் பிள்ளைகள் அதன் நுனிகளை மேலங்கிக்குள் செருகிக்கொள்ள வேண்டும். தொங்கும் துணியும் சூடான கருவியும் ஒன்றுக்கொன்று பகை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

சில இடங்களில் விடையை முன்கூட்டியே சீனியர்களிடம் கேட்டுக்கொண்டு, அதற்கேற்ற எண்களைப் பின்னோக்கி எழுதும் பழக்கம் இருக்கிறது. எத்தனால் என்று தெரிந்துவிட்டால் எல்லா வரிசையிலும் 78.4 என்று எழுதிவிடுவது. உண்மையான சோதனையில் எண்கள் அப்படி வராது. 77.5 வரும், 78 வரும், நடுவில் மின்தடை ஏற்பட்டால் இறங்கி ஏறும். வந்ததை வந்தபடி எழுதுங்கள். அடித்தாலும் பழைய எண் தெரியும்படி அடியுங்கள். இன்று நோட்டில் எழுதும் எண், நாளை மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு அறையிலோ நீதிமன்றத்துக்குப் போகும் அறிக்கையிலோ நீங்கள் எழுதப்போகும் எண். அதை நம்பி ஒரு தாய் தன் குழந்தைக்கு மருந்து கொடுப்பாள். அந்த எண் அமானிதம்.

இதுவே "என்ன பிரயோஜனம்" என்ற கேள்விக்கும் பதில். மருந்து, உணவு, குடிநீர், தோல், சாயம், வாசனைத் திரவியம் என எத் தொழிலிலும் பரிசோதனைப் பிரிவு உண்டு. உணவுப் பொருளில் எத்தனால் இருக்கிறதா, எவ்வளவு என்று ஹலால் பரிசோதனைக்காகச் சொல்லவும் வேதியியல் படித்தவரே வேண்டும். நம் சமூகத்தில் ஹலாலைப் பற்றிப் பேசுகிறவர்கள் நிறைய. அதைச் சோதித்துச் சொல்லும் தகுதி பெற்றவர்களும் வேண்டும்.

வீடுகளுக்கு

இந்தப் பாடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நம் வீடுகளில் காலியான தண்ணீர் பாட்டிலிலும் குளிர்பான பாட்டிலிலும் ஆசிட், பினாயில், மண்ணெண்ணெய், தின்னர், பேட்டரி ஊற்றும் தண்ணீர் என்று எதையெல்லாமோ ஊற்றி வைக்கிறோம். ஊற்றியவருக்கு மட்டும் அது என்னவென்று தெரியும். தாகத்தோடு பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பிள்ளைக்குத் தெரியாது. ஆய்வகத்தில் இத்தனை கருவிகளோடு அரை நாள் உழைத்து ஒரு பெயரைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்போது, வீட்டில் பெயரில்லாத பாட்டிலை வைத்திருப்பது எவ்வளவு பெரிய அலட்சியம்!

வாங்கிய பாட்டிலிலேயே வைத்திருங்கள். மாற்ற வேண்டி வந்தால் பெயரை எழுதி ஒட்டுங்கள், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பெயர் தெரியாத பாட்டிலை முகர்ந்தோ நாக்கில் வைத்தோ பார்க்காதீர்கள், வேறொன்றோடு கலக்கவும் வேண்டாம். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆசிட்டும் மண்ணெண்ணெயும் திரும்பி வரும்போது தொண்டையையும் நுரையீரலையும் இன்னும் கெடுக்கும். உடனே 108-ஐ அழையுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த பாட்டிலையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் கால் மணி நேரமாவது கழுவிக்கொண்டிருங்கள்.

இந்த இதழைப் படித்து முடித்ததும் எழுந்து போய், குளியலறை அலமாரியையும் அடுப்படி மூலையையும் ஒருமுறை பாருங்கள். பெயரில்லாத பாட்டில் இருந்தால் இன்றைக்கே பெயர் எழுதுங்கள். என்னவென்று யாருக்குமே தெரியாவிட்டால் நன்றாக மூடி, "என்னவென்று தெரியாது, தொடாதே" என்று எழுதித் தனியே பூட்டி வையுங்கள்.

பயனுள்ள கல்வியை நமக்கும் நம் சந்ததிகளுக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.